அமுதா வீடு திரும்பவில்லை

அன்பு மகள் யாழினிக்கு,

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "அப்பா, ஞாயித்துக்கிழமை சாப்பிட வரேன். இன்னும் கோவமா?" என்று கேட்டு, கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. கோபம்தான், அது இன்னும் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை நீ சென்னைக்கு விமானம் ஏறுகிறாய், திரும்பி வர ஆறு மாதமாவது ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். நேரில் வந்தாலோ உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வராது, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ என்றுதான் சொல்லுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் இதை நம் ரசிகர் குழுவில் எல்லோரும் படிக்கும்படி போடுவதாகத்தான் எண்ணம். உன்னால் ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லையே.

என்னை இதற்குள் இழுத்துவிட்டதே நீதான், அதை மறந்துவிடாதே. உன் அம்மா போன பிறகு இரண்டு வருடம் நான் கிள்ளான் வீட்டில் தனியாகக் கிடந்தேன். வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. அந்தச் சமயத்தில்தான் உனக்கு 'அலைவாசல்' தொடரில் கதை எழுதும் வேலை கிடைத்தது. "சும்மா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்காதீங்கப்பா. நான் எழுதறத பாருங்க. ரசிகர் குரூப் ஒண்ணு இருக்கு, அதுல சேருங்க லா, நல்ல ஆளுங்க" என்று சொல்லி, என் கைப்பேசியை வாங்கி நீயே சேர்த்துவிட்டாய். 'அலைவாசல் குடும்பம்' என்று பெயர். உள்ளே போய்ப் பார்த்தால் நூற்றுக்கு மேல் பெண்கள், நடுவில் ஆண்பிள்ளைகள் நாலைந்து பேர். காதல் தொடர் பார்க்கிற வயதா எனக்கு என்று உன்னைத் திட்டினேன். மூன்றாவது வாரம், சனிக்கிழமை ஆறு மணி ஆனால் யார் கதவைத் தட்டினாலும் திறக்காத ஆளாகிவிட்டேன்.

கதை என்னவோ எளிமையானதுதான். கிள்ளானில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அமுதா, புருஷனோடு கெடாவுக்குச் சுற்றுலா போகிறாள். அங்கே ஆற்றங்கரையில் பழைய படிக்கட்டு ஒன்றில் கால் வழுக்கி விழுகிறாள். எழுந்து பார்த்தால் சோழர் காலத்துக் கடாரம். துறைமுகம், பாய்மரக் கப்பல், நீலன் என்று ஒரு மாலுமி. நீலன் தலைமுடியைக் காற்றில் பறக்கவிட்டால் போதும், நம் குழுவில் மறுநாள் காலை வரை அதே பேச்சு. ஆனால் எனக்குப் பிடித்தது இந்தக் காலத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்த புருஷன் சேகர். அதிகம் பேச மாட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய், அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் எழுந்து வருவான். அழ மாட்டான், வசனம் பேச மாட்டான். பெண்டாட்டி இல்லாத வீட்டில் ஆண்பிள்ளை எப்படி இருப்பான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஆச்சரியப்பட்டேன். நீ என்னைப் பார்த்துத்தான் எழுதினாய் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

குழு இரண்டாகப் பிரிந்தது உனக்குத் தெரியும். நீலன் கட்சி, சேகர் கட்சி. நீலன் கட்சிக்குத் தலைவி நம் மல்லிகா. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். சேகர் கட்சிக்கு நானும், குழுவை நடத்துகிற சாந்தா டீச்சரும். டீச்சர் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர், தமிழ்ப்பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அவர் ஒரு சொல் சொன்னால் குழுவில் அதற்கு மேல் பேச்சில்லை. நானோ தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்த்தவன். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அந்தப் புத்தி எங்கே போகும்? கடாரத்து அடுப்படியில் பச்சை மிளகாய் கிடந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த மிளகாய் அதற்கு நானூறு ஐந்நூறு வருடம் முன்பே எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டேன். நீலன் கப்பலில் நீல நிற நைலான் கயிறு. அமுதா மூன்று வருடமாகக் கழற்றாத காண்டாக்ட் லென்ஸ். எல்லாவற்றையும் நோட்டில் குறித்து உனக்குக் குரல் பதிவு அனுப்புவேன். நீயும் சளைக்காமல் பதில் போடுவாய். "அப்பா, மிளகாய எடுத்துட்டு மிளகு வச்சிட்டோம், சந்தோஷமா?" என்று ஒருநாள் நீ கேட்டபோது, மல்லிகாவிடம் அதைப் போட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். எழுதியவள் மகள், சரிபார்த்தவன் அப்பன் என்று ஒரு நினைப்பு எனக்கு.

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. கடைசிப் பகுதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாய். "அப்பா, யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. அமுதா வந்துருவா. சேகர்கிட்டயே வந்துருவா." நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், நீ ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று. அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதே என்றாய், நான் இரண்டு நாள்தான் தாக்குப்பிடித்தேன். செவ்வாய்க்கிழமை குழுவில் மல்லிகா எங்களைக் கிண்டல் செய்தாள், "சேகர் கட்சிக்காரங்களுக்கு எல்லாம் டிஷ்யூ பேப்பர் நான் வாங்கித் தரேன்" என்று. பொறுக்கவில்லை. "எழுதற எடத்துலேருந்தே சேதி வந்துருச்சு, அமுதா வீட்டுக்குத்தான் வரா" என்று குரல் பதிவு போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சாந்தா டீச்சர் கூப்பிட்டார்.

"அண்ணே, நிச்சயமா? எல்லாரும் நம்பிருவாங்க. அப்பறம் இல்லன்னா நல்லா இருக்காது."

"டீச்சர், சொன்னது என் மக. என் மக எனக்குப் பொய் சொல்ல மாட்டா."

அப்படித்தான் சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் உன்னிடம் திருப்பிக் கேட்கிறேன். தொடரில் யார் யாரோடு சேர்ந்தால் எனக்கென்ன? நீ எழுதும் கதை, உன் இஷ்டம். உன் பெயரை நம்பி, ஒரு பெரிய மனுஷியிடம் நான் கொடுத்த வார்த்தை அது.

கடைசிப் பகுதியை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியை டீச்சர் பேசி வைத்திருந்தார். முப்பது பேர் போல வந்திருந்தார்கள். நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் லட்டு டப்பாக்களோடு போனேன். அமுதா வீடு திரும்புகிறாள், வெறுங்கையோடு போகலாமா? மல்லிகாவும் அதே ரயிலில் வந்தாள். வழக்கமாக நீலன் கட்சிக்காரர்கள் நீலத்தில் உடுத்துவார்கள், அவள் அன்று சாதாரண வெள்ளைச் சுடிதாரில் வந்திருந்தாள். "பரவால்லண்ணே, நானும் மனச தேத்திக்கிட்டேன். சேகரும் நல்லவருதான்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் ஜெயித்த சந்தோஷமும் இருந்தது. மாடிக்குப் போனதும், தொடர் தொடங்கும் முன்பே லட்டைக் கொடுத்துவிட்டேன். பார், எவ்வளவு நம்பிக்கை எனக்கு.

மீதியை நீ எழுதியவள், உனக்கே தெரியும். அமுதா வந்தாள். கிள்ளான் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். சேகர் கதவைத் திறந்தான். மாடியில் ஒரே கைத்தட்டல், நான் எழுந்தே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நாலு நிமிடம். அவள் அவனைப் பார்த்து ஒரு வசனம் சொன்னாள், சாவியை அவன் கையில் வைத்தாள், திரும்பி நடந்தாள். அடுத்த காட்சியில் அதே ஆறு, அதே படிக்கட்டு, தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டாள். திரையில் நீலனின் கப்பல். முடிந்தது.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை, யாழினி. திட்டியிருந்தால் தேவலை. எல்லோரும் லட்டு வைத்திருந்த தட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். சாந்தா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒங்களுக்கே தெரியாம மாத்திட்டாங்க போல இருக்கு, அண்ணே" என்றார். எனக்காக அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக் கொடுத்தார். நீலன் கட்சி ஜெயித்தாயிற்றே, மல்லிகாவாவது குதித்திருக்க வேண்டும். அவளும் உட்கார்ந்தே இருந்தாள். ரயிலில் திரும்பும்போது சொன்னாள். "நாலு நாளா நீலன நெனச்சு அழுது முடிச்சிட்டேன்ணே. துணி வெட்டும்போதுகூட அழுதேன். இப்ப அவன்கிட்டயே அவ போயிட்டா, எனக்கு ஒண்ணுமே தோணல." உன் முடிவு யாருக்காக எழுதப்பட்டதோ, அவளுக்கும் அது கிடைக்காமல் போனது. அதைக் கெடுத்தது என் வாய், அந்த வாயில் சொல்லைப் போட்டது நீ.

அப்போதுகூட நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. டீச்சர் சொன்ன சமாதானத்தையே நானும் பிடித்துக்கொண்டேன். கடைசி நேரத்தில் மாற்றியிருப்பார்கள், பிள்ளைக்கு என்ன சங்கடமோ என்று உனக்காகக் கவலைப்பட்டேன். மூன்று நாள் கழித்து அந்தக் காணொளி வந்தது. வெற்றி விழா. உங்கள் இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். "முடிவு வெளிய போயிருமோன்னு பயமா இருந்துச்சு. அப்பறம் ஒரு ஐடியா. எங்க ரைட்டரோட அப்பாவே ரசிகர் குரூப்ல இருக்காரு. அவர்கிட்ட தப்பான முடிவ சொல்லிட்டோம். ரெண்டே நாளுல ஊரெல்லாம் பரவிருச்சு!" கூடமே சிரிக்கிறது. பக்கத்து நாற்காலியில் நீ. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். நான் வாங்கிக் கொடுத்த அந்தப் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டியிருக்கிறாய். டீச்சர் அதைக் குழுவில் பகிர்ந்துவிட்டு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அன்று முழுக்க யாருமே ஒன்றும் எழுதவில்லை. ஊரார் காதில் பூ சுற்றுவதற்கு நீ என் கையைப் பயன்படுத்தியிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதை ஒரு கூத்தாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போகலாமே என்று உனக்குத் தோன்றலாம். நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை. பார்க்கிறவர்களை ஏமாற்றுவது உன் தொழில் என்று எனக்குப் புரிகிறது. கதைக்குள் எத்தனை தரம் வேண்டுமானாலும் ஏமாற்று, நாங்கள் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். திருப்பம் வந்தால் திட்டுவோம், மறுவாரம் மறுபடி வந்து உட்காருவோம். ஆனால் கதைக்கு வெளியே உயிரோடு ஓர் ஆளைப் பிடித்து, அவன் பாசத்தைப் பிடித்து, அதில் பொய்யை ஏற்றி அனுப்பாதே. சென்னையில் பெரிய இடத்தில் எழுதப் போகிறாய். அங்கேயும் எவராவது இப்படி ஒரு யோசனை சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது அந்த மாடியில் லட்டுத் தட்டோடு நின்ற ஆளை நினைத்துக்கொள். இது அப்பா சொல்லும் புத்திமதி என்று எடுத்தாலும் சரி, ரசிகன் சொல்லும் குறை என்று எடுத்தாலும் சரி.

குழுவில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்கிறாயா? நாலு பேர் வெளியேறினார்கள், அதில் மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். இனி அந்தத் தொடரின் பெயரையே எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டு, மறுநாளே அடுத்த பாகம் எப்போது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் உன் மேல் கோபமாக இருக்கிறார், ஆனால் அந்த ஆற்றுக் காட்சியில் அமுதாவின் முகத்தைப் பற்றி நாலு பத்தி எழுதியிருக்கிறார். எனக்கும் அதே கதிதான். ஒழிந்து போகட்டும் என்று விட்டுவிட்டு, புதன்கிழமை காலையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது, சனியன். அதுதான் இன்னும் எரிச்சல். மோசமாக எழுதியிருந்தாயானால் என் கோபம் இவ்வளவு சிக்கலாகியிருக்காது.

காணொளி வந்த அன்று மாலை உன்னைக் கூப்பிட்டேன் அல்லவா, அந்தப் பேச்சு முழுக்க எனக்கு நினைவிருக்கிறது.

"ஐடியா அவரோடதுப்பா" என்றாய்.

"நீ ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன்."

"ஏன்?"

"அப்பா, இது ஒரு நாடகம்ப்பா. என்னப்பா ஆயிருச்சு இப்ப? யாரும் சாகல."

அந்தச் சொல் வந்ததும் நீயும் நிறுத்திவிட்டாய், நானும் நிறுத்திவிட்டேன். பேச்சை மாற்ற வேண்டுமே என்று என் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பகுதியில் நான் குறித்து வைத்திருந்த பிழை ஒன்றே ஒன்று. அமுதா சாவியைக் கொடுக்கும்போது சேகரிடம் சொல்கிற வசனம். 'நீங்க உண்மைய சொல்லியிருந்தா நான் ஒரு நாள் முன்னாடியே வந்திருப்பேன்.' எந்த உண்மை? எந்த ஒரு நாள்? சேகர் எதையும் மறைக்கவே இல்லையே. குழுவிலும் எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள், ஏதோ ஒரு காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று டீச்சர் சொன்னார். அதைத்தான் உன்னிடம் கேட்டேன். "அந்த வசனம் ஒட்டலயே, தப்பா வந்துருச்சா?" என்று.

"எல்லாரும் வெட்டச் சொன்னாங்கப்பா. நான் விடல. அது மட்டும் தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று. புதன்கிழமை தேநீரோடு உட்கார்ந்து மூன்றாம் தரம் பார்க்கும்போது, அவள் சேகரைப் பார்க்கவில்லை என்று தோன்றியது. காமிராவைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள்.

கடிதத்தைக் குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னேனே, அவர்களுக்கு இதுவரைக்கும்தான். இதற்குக் கீழே எழுதுவது உனக்கு மட்டும்.

அம்மா போன அந்த வாரத்தைப் பற்றி நாம் இருவரும் நாலு வருடமாகப் பேசியதில்லை. நீ பினாங்கில் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சைகளை எழுதிக்கொண்டிருந்தாய். உன் அம்மா ஆஸ்பத்திரியில். நீ தினமும் கூப்பிட்டாய். நான் தினமும் "காய்ச்சல் எறங்கிருச்சு, இப்பதான் தூங்கறா, நீ படி" என்றேன். நம் குடும்பத்தில் முதல் பட்டம் அது. கடைசித் தாள் வெள்ளிக்கிழமை காலை. அதை விட்டால் இன்னும் ஒரு வருடம். சொன்னால் நீ அந்த நிமிடமே பஸ் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. உன் சித்தியையும் சொல்ல விடவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானாகத்தான் அந்த வாரத்தை உண்டாக்கிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் பையைத் தோளில் போட்டபடி நீ வந்து இறங்கியபோது, நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். நீ என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், "புதன்கிழமையிலேருந்தே அம்மாவுக்கு நெனவு இல்லம்மா. நீ வந்திருந்தாலும் ஒன்னத் தெரிஞ்சிருக்காது" என்று.

பிற்பாடு சித்தி ஏதாவது உன்னிடம் சொன்னாளோ, நீயாக ஊகித்தாயோ, தெரியவில்லை. அம்மாவுக்கு நினைவு இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்த வசனத்தை எழுதியிருக்க மாட்டாய். அதை என் முகத்துக்கு நேராகக் கேட்காமல், ஊரே பார்க்கும்படி ஒரு நடிகையின் வாயால் கேட்டாயே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதும் இருக்கிறது. அதே சமயம், என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் யோசித்தேன். இன்னொரு பொய்தான் சொல்லியிருப்பேன். உன் படிப்புக்காகத்தானே என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருப்பேன். ஒருவருடைய நம்பிக்கையில் பொய்யை ஏற்றி அனுப்பாதே என்று மேலே உனக்கு உபதேசம் செய்திருக்கிறேன் பார், அதை எழுதியதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வரியை அடித்துவிடாமல் விட்டுவைக்கிறேன்.

உன் வசனம் கேட்டதற்குப் பதில் ஆமாம். ஒரு நாள் முன்பு சொல்லியிருந்தால் நீ வந்து சேர்ந்திருப்பாய். உன் அம்மா வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் தெளிவாக இருந்தாள். கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள், தலையை வாரிவிடச் சொன்னாள். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சித்திக்கும் தெரியாது, அந்த நேரம் அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

மூன்று மணி இருக்கும். உன் பரீட்சை முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அவள் என் கைப்பேசியைக் கேட்டாள், உன்னோடு பேச வேண்டும் என்று. கொடுத்தால் அவள் குரலைக் கேட்டதுமே நீ கண்டுபிடித்துவிடுவாய், நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். அதுதான் அப்போது எனக்கு இருந்த பயம், அவள் போய்விடுவாளே என்பதுகூட இல்லை. பரீட்சை இன்னும் முடியவில்லை என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்கல்ல, எனக்கு இப்படி இருக்குன்னு?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னா?"

யாழினி, நான் சொன்னது இதுதான். "பரீட்சைய முடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டா."

நீ தெரிந்தும் வரவில்லை என்றுதான் உன் அம்மா நினைத்துக்கொண்டு போனாள். அப்படி நினைக்க வைத்தவன் நான். அவள் முகம் கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, என் கையைத் தட்டிக் கொடுத்து, கடைசியாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை இது. "சின்னப் பிள்ளைதானே. வந்தா அவள திட்டாதீங்க."

அப்பா